குயில் இல்லை, சங்கு

எனக்குப் படிப்பு எட்டாம் வகுப்பு. அம்பத்தூரில் இன்று என் பெயரில் எழுபது தையல் மெஷின் ஓடுகிறது. நான் பார்க்காமல் ஒரு சட்டைப் பொத்தான்கூட வெளியே போகாது. பெருமைக்காகச் சொல்கிறேனா என்றால், ஆமாம், பெருமைக்காகத்தான் சொல்கிறேன். என் வயசுக்காரர்களே, நம் பெருமையை நாம் சொல்லாவிட்டால் வேறு யார் வந்து சொல்லப் போகிறார்கள்?

போன மாதம் ஒரு புத்தக வெளியீட்டுக்குக் கூப்பிட்டு, மேடையில் ஓரமாக ஒரு நாற்காலி போட்டார்கள். வேறு மொழிக் கவிதைகளைத் தமிழில் கொண்டுவந்த புத்தகம். பேச வந்த பேராசிரியர், ஒரு கவிதையை மொழிபெயர்க்க இரண்டு மொழியிலும் ஆழ்ந்த புலமை வேண்டும், இலக்கணம் வேண்டும், யாப்பு தெரிய வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போனார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மைக்கைக் கேட்டேன். நேரமில்லை என்றார்கள். சரி, இங்கே எழுதிவிடுகிறேன்.

நானும் ஒரு கவிதையை மொழிபெயர்த்தவள்தான். பன்னிரண்டு வயதில், பாவாடை சட்டையோடு, நானூறு பேர் முன்னால்.

எண்பதுகளின் நடுவில் நாங்கள் ஆவடியில், பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றின் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பாவுக்கு ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுக்கும் வேலை. எல்லா வீட்டுக்கும் ஒரே மஞ்சள் சுண்ணாம்பு, ஒரே பச்சைக் கதவு. உள்ளே இருந்தவர்கள்தான் வேறு வேறு. திருநெல்வேலிக்காரர்கள் புளிக்குழம்பு வைக்கிற வாசனையும் ஆந்திராக்காரர்கள் மிளகாய் வறுக்கிற நெடியும் ஒரே சந்தில் சண்டை போடும். அத்தனை பேரையும் ஆட்டிவைத்தது ஒன்றே ஒன்று, தொழிற்சாலைச் சைரன். நாங்கள் அதைச் சங்கு என்போம். முதல் சங்கு எழுப்பும், இரண்டாம் சங்கு விரட்டும். மதியச் சங்குக்குள் உலை இறங்க வேண்டும். சாயங்காலச் சங்குக்கு டீ கொதிக்க வேண்டும். கடிகாரம் வைத்திருந்தவர்கள்கூடச் சங்கைக் கேட்டுத்தான் முள்ளைத் திருப்பினார்கள். இரண்டாம் சங்கு ஊதியதும் நூற்றுக்கணக்கான சைக்கிள்கள் ஒரே நேரத்தில் ஸ்டாண்டை உதைக்கும். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

எங்கள் எதிர்வீட்டில் வங்காளத்து அக்கா இருந்தாள். கையில் வெள்ளைச் சங்கு வளையல், நெற்றி வகிட்டில் நீளமாகக் குங்குமம். அவள் புருஷன் மெஷின் ஷாப்பில் ஃபிட்டர். அக்காவுக்குத் தமிழில் ‘தண்ணி’, ‘போதும்’, ‘வேணாம்’ என்ற மூன்று வார்த்தைகளுக்கு மேல் வராது. அதனால் அவள் யாரோடும் பேசுவதில்லை. எங்கள் வரிசைப் பெண்கள் அதற்குத் திமிர் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

“இன்னா மெதப்பு பாரு அதுக்கு. ஒரு வாய் பேசுனா முத்து கொட்டிடுமா?” என்பாள் அம்மா. அக்கா கடுகெண்ணெயில் மீன் வறுக்க ஆரம்பித்தால் எங்கள் ஜன்னல் படாரென்று சாத்தப்படும்.

நான் மட்டும் அந்த வீட்டுக்குள் போய் வந்துகொண்டிருந்தேன். முதலில் போனது சாப்பாட்டுக்காகத்தான். பூரி மாதிரி ஒன்று போடுவாள், வெள்ளை வெளேரென்று, உள்ளங்கை அளவில். தின்றபடியே எதிரில் இருப்பதைத் தொட்டுக் காட்டி “இது என்ன, அது என்ன” என்று கேட்பேன். அவள் சொல்வாள். இரண்டு வருஷத்தில் எனக்கு வங்காளம் வந்துவிட்டது. எழுத்து ஒன்றுகூடத் தெரியாது, வாய்ப்பேச்சுத்தான். இன்றைக்கும் என் தெலுங்கு, இந்தி, மலையாளம் எல்லாம் அப்படிப் பிடித்தவைதான். வடக்கத்தி வியாபாரி எவனும் என்னை விலையில் ஏமாற்றியதில்லை.

அக்காவிடம் சிவப்புத் துணி அட்டை போட்ட ஒரு நோட்டு இருந்தது. மாவு டப்பாவுக்குப் பின்னால் வைத்திருப்பாள். எண்ணெய் காயும் நேரத்தில் அதை எடுத்து நாலு வரி எழுதுவாள். எழுதியதைச் சத்தமாகப் படிப்பாள். அது கவிதை என்பதே எனக்கு வெகுநாள் தெரியாது. அவள் தனியாகப் பேசிக்கொள்கிறாள், பாவம் என்று நினைத்திருந்தேன்.

அந்த வருஷம் மார்கழியில் அக்காவின் புருஷனுக்கு ஊர்ப்பக்கம் மாற்றல் வந்தது. பொங்கல் முடிந்ததும் கிளம்ப வேண்டும். அதே சமயத்தில், பொங்கல் விழாவில் பன்மொழிக் கவியரங்கம் என்று குவார்ட்டர்ஸ் மன்றத்தில் போர்டு எழுதிப் போட்டார்கள். எந்த மொழிக்காரரும் தன் மொழியில் கவிதை படிக்கலாம். அதன் தமிழாக்கத்தை எங்கள் பள்ளிக்கூடத்துத் தமிழ் ஐயா மேடையில் வாசிப்பார்.

நான் போய்ச் சொன்னதும் அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். அவள் வங்காளத்தில் சொன்னதை இங்கே தமிழில் தருகிறேன்.

“ஆறு வருஷம் இங்கே இருந்துவிட்டேன், ஷோனா. நான் ஊமையா, மண்டைக்கனம் பிடித்தவளா என்றுகூட இங்கே ஒருத்திக்கும் தெரியாது. போவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை இவர்களோடு பேசிவிட்டுப் போகிறேன்.”

ஷோனா என்றால் தங்கம். என்னை அப்படித்தான் கூப்பிடுவாள்.

அவள் தேர்ந்தெடுத்தது சங்கைப் பற்றிய கவிதை. சங்கைத் திட்டும் கவிதை என்றும் சொல்லலாம். அவள் புருஷன் தமிழ் ஐயா வீட்டுக்குப் போய், பாதி இந்தியும் பாதி இங்கிலீஷுமாக அதன் பொருளைச் சொல்லிவிட்டு வந்தார்.

தமிழ் ஐயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளை வேட்டி, முழுக்கைச் சட்டை, மூக்குப்பொடி. வெண்பா கட்டுவதில் அந்த வட்டாரத்தில் அவரை அடிக்க ஆளில்லை, அதை நான் மறுக்கவில்லை. வகுப்புக்கு வந்ததும் பொடி மட்டையை மேஜையில் தட்டிவிட்டு, அன்றைக்குக் கட்டிய வெண்பாவைச் சொல்வார். பொங்கலுக்கு மூன்று நாள் முன்னால் அவர் சொன்னது இது:

“கார்முகில் சோலைக் கருங்குயிலே காலையில்நீ
யார்துயில் நீக்க இசைத்தனையோ...”

சொல்லி முடித்து, “வங்காளத்துப் பெண்மணி ஒருவரின் கவிதை. பொருள் அவருடையது, ஆடை என்னுடையது,” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழுந்து நின்றேன்.

“ஐயா, அதுல குயிலே இல்லீங்க ஐயா.”

“என்ன?”

“அது ஃபேக்டரிச் சங்கு, ஐயா. சங்கைத்தான் திட்டுது அந்த அக்கா.”

வகுப்பு சிரித்தது. ஐயா சிரிக்கவில்லை. “சங்கு என்று அவர் கணவரும் சொன்னார். ஆனால் கேள். வைகறையில் தலைவனைத் துயிலெழுப்புவது கவிதையில் குயிலின் வேலை. சங்கு கோயிலில் ஊதும், அல்லது சாவில் ஊதும். மங்கல நாளில், தலைமை அதிகாரி அமர்ந்திருக்கும் மேடையில், ஆலையின் சங்கைப் பழித்துப் பாடுவதா? அந்த மனிதனின் வேலைக்கே கேடு வரும். அவரே குயில் நன்று என்று சொல்லிவிட்டார்.”

“ஊட்டுக்காரர் சொன்னா ஆச்சா ஐயா? எழுதுனது அக்கா ஆச்சே.”

அந்தப் பாட வேளை முழுக்க பெஞ்சு மேல் நின்றேன். நின்றபடி யோசித்ததில் ஒன்று புரிந்தது. புருஷனுக்கு ஏன் குயில் பிடித்துப் போனது என்றால், அசல் கவிதையில் அவரே வருகிறார், ஒரு காலில் மட்டும் செருப்போடு.

சாயங்காலம் அக்காவிடம் சொன்னேன். ஐயாவின் இரண்டு வரியை அப்படியே சொல்லிக் காட்டி, பொருளும் சொன்னேன். அவள் கண்ணை மூடிக் கேட்டாள். “அழகாக இருக்கிறது,” என்றாள். பிறகு, “ஆனால் இதைச் சொல்ல நான் ஆறு வருஷம் காத்திருக்க வேண்டியதில்லை,” என்றாள்.

திடீரென்று என் தோளைப் பிடித்தாள்.

“நீ சொல்லு.”

“நானா?”

“என் வார்த்தையை இங்கே வேறு யார் கேட்டிருக்கிறார்கள்?”

அடுத்த மூன்று நாளும் அவள் சமையலறைதான் எங்களுக்குக் கல்லூரி. அவள் ஒரு வரி படிப்பாள். நான் தமிழில் சொல்வேன். அர்த்தம் போதாது அவளுக்கு. “எத்தனை மூச்சில் சொன்னாய்? நான் ஒரே மூச்சில் சொல்லியிருக்கிறேன்,” என்பாள். தமிழ் தெரியாதவள், என் தமிழைத் திருத்தினாள். ஒரு வரியை நான் பள்ளிக்கூடத் தமிழில் சொன்னால் உடனே கண்டுபிடித்துவிடுவாள். “இது உன் குரல் இல்லையே, ஷோனா. அம்மாவிடம் காசு கேட்கும்போது இப்படியா கேட்பாய்?” தையலில் அளவு சரியாக இருந்தும் சட்டை உடம்பில் உட்காராது பாருங்கள், அது மாதிரி. என் பட்டறைப் பெண்களுக்கு நான் சொல்வதும் அதுதான், டேப்பை நம்பாதே, ஆளைப் பார்.

இன்னொரு இடைஞ்சல் இருந்தது. மேடையில் ஒவ்வொரு கவிதைக்கும் பின்னால் ஒரு படம் தொங்கும். தொழிற்சாலையில் வண்டிகளுக்கு எண் எழுதும் பெயிண்டர் அண்ணன், பக்கத்து அண்ணனூர்க்காரர், அதை வரைந்துகொண்டிருந்தார். நான் போனபோது துணியில் மாங்கிளையும் கருங்குயிலும் தயாராக இருந்தன. குயில் உயிரோடு இருப்பது மாதிரியே இருந்தது. விஷயத்தைச் சொன்னேன்.

“அய்ய, இன்னாம்மே நீ? கவியரங்கம் நாளைக்கு. எனாமல் பெயிண்ட்டு, அழிச்சா துணியே பூடும்.”

“குயிலு தப்பு, அண்ணாத்தே.”

“குயிலு தப்பா? மூணு நாளு ராவா உக்காந்து றெக்கை போட்டுகினு கீறேன், தப்புன்றியே!” பீடியை அணைத்துவிட்டுத் துணியையே பார்த்தார். “இன்னாதான் எழுதிச்சு அந்தம்மா? சொல்லு கேப்போம்.”

சொன்னேன், முழுசாக. அவர் வாய்விட்டுச் சிரித்தார். “எங்கூட்ல நடக்கறத அதுக்கு யாரு சொன்னது?” என்று கேட்டார். பிறகு, “நீ போ. குயிலு எங்கியும் போவாது. கெளையத்தான் மாத்தணும்,” என்றார்.

பொங்கல் அன்று சாயங்காலம் மன்றத்துக்குள் நிற்க இடமில்லை. கரும்புச் சக்கை வாசனை, மல்லிகைப்பூ, புதுத்துணிக் கஞ்சி வாசனை. முன்வரிசையில் தலைமை அதிகாரியும் அவர் மனைவியும். மூன்றாவது வரிசையில் அம்மா. அவள் பக்கத்தில் இருந்த காலி நாற்காலி எனக்காகப் பிடித்து வைத்தது. நான் மேடைக்குப் பக்கத்தில் நின்றேன்.

தெலுங்கும் மலையாளமும் முடிந்தன. ஐயா ஒவ்வொன்றுக்கும் வெண்பா வாசித்தார், கைதட்டு வாங்கினார். பிறகு அக்காவை அழைத்தார்கள். பின்னால் துணி இறங்கியது. கூட்டத்தில் ஒரு சலசலப்பு. மாங்கிளை இல்லை. அதன் மேலேயே இரும்புக் கம்பமும் சைரன் குழாயும் வரைந்திருந்தார் பெயிண்டர் அண்ணன். குயில் அந்தக் குழாய் மேல் உட்கார்ந்திருந்தது, காதைப் பொத்த முடியாமல் தவிக்கிற முகத்தோடு. ஐயா திரும்பிப் பார்த்தார்.

அக்கா படித்தாள். ஒருவருக்கும் புரியவில்லை, ஆனால் ஒருவரும் பேசவில்லை. அந்தக் குரலை அவர்கள் முதல் தடவையாகக் கேட்டார்கள். முடித்ததும் ஐயா மைக்கை நோக்கி வந்தார். அக்கா நகரவில்லை. மைக்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் என்னைக் கூப்பிட்டாள்.

“ஐயா... போதும்,” என்றாள் அவரிடம். அவளிடம் இருந்த தமிழ் அவ்வளவுதான். மரியாதையாகத்தான் சொன்னாள்.

நான் ஏறினேன். மைக் எனக்கு எட்டவில்லை. பெயிண்டர் அண்ணன் ஒரு பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டார். அதன் மேல் நின்று சொன்னேன்.

“ஏ சங்கே,
நீ ஒரு தபா கூவுனா அவரு எழுந்துக்குறாரு.
நான் மூணு தபா கூப்ட்டா பொரண்டு படுக்குறாரு.
நீ ரெண்டாந்தபா கூவுனா
ஒரு கால்ல செருப்பு, ஒரு கையி சொக்காயில, ஓடுறாரு.
தட்டுல பாதி சோறு என்னியப் பாத்துகினு கீது.”

முதலில் சிரித்தது அதிகாரியின் மனைவி. ஐயா எந்த இடத்தைப் பார்த்துப் பயந்தாரோ, சிரிப்பு அங்கேயிருந்துதான் கிளம்பியது. அந்த அம்மா புருஷனை முழங்கையால் இடித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். அப்புறம் மொத்த மன்றமும் சிரித்தது. அக்காவின் புருஷன் காலைப் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

கவியரங்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. வரி பிடித்துவிட்டால் “மறுபடி, மறுபடி” என்று கேட்பார்கள். திரும்பச் சொல்ல வேண்டும். எனக்கும் கேட்டார்கள். திரும்பச் சொன்னேன். சொல்லி முடித்ததும் அடுத்த வரி மறந்துவிட்டது. சுத்தமாக மறந்துவிட்டது. அக்கா பக்கத்தில் நிற்கிறாள், ஆனால் நான் எந்த வரியில் நிற்கிறேன் என்று அவளுக்குத் தெரியாது. கூட்டம் காத்திருந்தது. எனக்கு அம்மாவின் முகம் தெரிந்தது. அன்று காலைதான் அரிசி புடைத்துக்கொண்டே அப்பாவோடு மல்லுக்கு நின்று, அவள் சங்கைச் சாடி ஒன்று சொல்லியிருந்தாள். அது என் வாயில் வந்துவிட்டது.

“நீ கத்துனா டைமுன்றாங்கோ.
நான் கத்துனா சண்டைன்றாங்கோ.”

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் எழுந்தது பாருங்கள், அந்தச் சங்குகூட அப்படி ஊதியதில்லை. சிரிப்பா, கூச்சலா, விசிலா, எல்லாம்தான். “மறுபடி! மறுபடி!” நாலு தடவை சொன்னேன். அதற்குள் மறந்த வரிகள் திரும்பி வந்துவிட்டன.

“ஊரே உன் பாஷைக்கு எழுந்துக்குது, சங்கே.
என் பாஷை இந்தச் செவுத்தத் தாண்டல.”

அதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை. எங்கள் வரிசைப் பெண்கள் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஐயா விட்டுக்கொடுக்கவில்லை. எங்களுக்குப் பிறகு தன் குயில் வெண்பாவையும் முழுசாக வாசித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். கைதட்டினார்கள், மரியாதைக்கு. அடுத்த வாரம் அப்பாவைப் பள்ளிக்கூடத்துக்கு வரவழைத்து, “இவளுக்கு வாய் இருக்கிறது, ஒழுங்கு இல்லை. படிப்பு ஏறாது. தையலில் சேர்த்துவிடுங்கள்,” என்றார். தண்டனையாகத்தான் சொன்னார். எட்டாவது முடிந்ததும் அப்பா அப்படியே செய்தார். அந்தத் தண்டனையில்தான் இன்று எழுபது மெஷின் ஓடுகிறது. ஐயாவின் வெண்பாவில் தளை தட்டாது, இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். ஆனால் அது அக்கா பேசிய பேச்சு இல்லை. அன்றைக்குச் சொன்னதைத்தான் இன்றைக்கும் சொல்கிறேன். யாரையும் பெஞ்சு மேல் நிற்கவைத்து அதை மாற்ற முடியாது.

பெயிண்டர் அண்ணன் வரைந்த துணி பிறகு மன்றத்துக் கூரை ஒழுகியபோது அதை மூட மேலே போனதாகக் கேள்வி. குயிலும் சங்கும் மழையில் கரைந்திருக்கும். எனாமல்தானே, கரையாமலும் இருந்திருக்கலாம்.

மறுநாள் காலையில் அக்கா வீட்டுக்குப் போனேன். பாதிச் சாமான் கோணிக்குள் போய்விட்டது. என்னை அடுப்பு மேடையில் உட்காரவைத்தாள்.

“ஒன்று கேட்கிறேன். முதலில் சிரித்தார்கள், அது புரிந்தது, செருப்பு. ஆனால் நடுவில் ஒரு சத்தம் வந்ததே. நான் எழுதியதில் அங்கே சிரிக்க எதுவும் இல்லை. என்ன சொன்னாய்?”

அவளுடைய ஒரே பேச்சு, ஆறு வருஷத்துப் பேச்சு. குயிலைச் சேர்த்த ஐயா மேல் அவ்வளவு கோபப்பட்ட நானே என் சரக்கைச் சேர்த்திருந்தேன். இல்லை என்று புளுகியிருக்கலாம். புளுகவில்லை. அந்த இரண்டு வரியையும் வங்காளத்தில் சொன்னேன்.

அக்கா எழுந்து போய்க் கட்டியிருந்த மூட்டையை அவிழ்த்தாள். சிவப்பு நோட்டை எடுத்தாள்.

“இன்னொரு தடவை சொல்லு. மெதுவாக.”

சொன்னேன். பாதிச் சோறு வரிக்கும் ஊரே எழும் வரிக்கும் நடுவில், இடுக்கில், சின்ன எழுத்தில் எழுதினாள். எழுதியதைப் படித்துப் பார்த்து, ஒரு வார்த்தையை அடித்து, வேறு வார்த்தை போட்டாள். மறுபடி படித்தாள். அப்புறம்தான் கேட்டாள்.

“இது யாருடையது?”

“அம்மாவுடையது.”

நோட்டோடு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஆறு வருஷத்தில் முதல் தடவை. அம்மா முறத்தில் அரிசியோடு நின்றாள். அக்கா நோட்டைத் திறந்து அந்த இடுக்கைத் தொட்டுக் காட்டி, பிறகு அம்மாவைத் தொட்டுக் காட்டினாள்.

“இன்னாடி சொல்லுது இது?”

“நீ சொன்னத அக்கா அதோட கவிதைல எழுதிக்கிச்சும்மா.”

“நானா? நான் எப்படி கவித சொன்னேன்? ஒங்கப்பனோட சண்ட இல்ல போட்டுகினு இருந்தேன்!” என்றாள் அம்மா. ஆனால் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, தனக்குத் தெரியாத அந்த எழுத்தின் மேல் விரலை வைத்துப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு அக்காவைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அந்தக் கவிதை அச்சில் வந்ததோ, மாவு டப்பாவுக்குப் பின்னாலேயே போனதோ தெரியாது. ஒருவேளை வந்திருந்து, அதை ஒரு பேராசிரியர் வேறு மொழியில் ஆக்கியிருந்தால், அந்த இரண்டு வரியில் வங்காளத்துப் பெண்களின் மனசு எப்படிப் பேசுகிறது பாருங்கள் என்று பக்கம் பக்கமாக விளக்கியிருப்பார். விளக்கட்டும். அது ஆவடியில், அரிசி புடைத்துக்கொண்டே என் அம்மா போட்ட சண்டை.